தெரிதலும் தெளிதலும்: சேர் ஹியூ கிளிபோட்டின் அரசபணி

அரசன் பொருட்டு வேற்றுநாடு சென்று பேசுவோனுக்கு வேண்டிய பண்புகளைத் திருவள்ளுவர் 'தூது' என்னும் அதிகாரத்தில் வகுத்துரைக்கத் தொடங்குமிடத்து, அன்புடைமையையும் உயர்குடிப் பிறப்பையும் வேந்தர் விரும்பும் பண்பையும் முதற்கண் வைக்கின்றார். ஏழாம் எட்வேட்டு மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையான காலத்திற் பிரித்தானியப் பேரரசு தன் தூதர்களையும் தேசாதிபதிகளையும் தெரிந்தெடுத்த முறையை நோக்குவார்க்கு இவ்வதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பே. எனினும், அதே நூலில் 'தெரிந்து தெளிதல்' என்று வேறோர் அதிகாரமும் உண்டு. ஒருவனை ஆராய்ந்து அறிதல் தெரிதல்; அறிந்தபின் அவனை நம்பி அவன் கையிற் பொறுப்பை ஒப்புவித்தல் தெளிதல். முன்னையது நிறைந்தும் பின்னையது நிறையாதும் போன ஓர் அரசபணிக்குச் சேர் ஹியூ சாள்ஸ் கிளிபோட்டின் வாழ்வு தக்க எடுத்துக்காட்டாகும். அவர் இலங்கையில் இருமுறை பணிபுரிந்தவர். 1907 முதல் 1912 வரை குடியேற்றநாட்டுக் காரியதரிசியாகவும், 1925 முதல் 1927 வரை தேசாதிபதியாகவும் அவர் இருந்தார். மாத்தளை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை விளங்கிக்கொள்ளுதற்கும் அவருடைய வரலாறு துணைசெய்வதாகும்.

மாத்தளை கண்ட முதற் பிரபு

உயர்குடியிற் பிறந்த ஆங்கில ஆட்சியாளர் ஒருவரை மாத்தளை மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1847இல் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்த டொறிங்டன் பிரபு, அந்நாட் பிரதம மந்திரியாகவிருந்த யோன் ரசல் பிரபுவின் உறவினர். குடியேற்றநாட்டு ஆட்சியிற் பயிற்சி சிறிதும் இல்லாதவர். துவக்கு, நாய், கடை என்பவற்றின்மீது விதிக்கப்பட்ட வரிகளும், தெருவேலைக்கு ஆள் கேட்ட சட்டமும் மக்களை வருத்தின. 1848 யூலை மாதத்தில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். அவனுடன் நின்ற புரன் அப்பு பிடிக்கப்பட்டுக் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். டொறிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து நடத்திய அடக்குமுறை, இலண்டன் பாராளுமன்றத்தில் விசாரணைக்குழு ஒன்று அமர்த்தப்படுவதற்கும், 1850இல் அவர் திருப்பியழைக்கப்படுவதற்கும் காரணமாயிற்று. பிறப்பு ஒருவருக்குப் பதவியைத் தரலாம்; நாட்டறிவைத் தராது என்பதை மாத்தளை இவ்வாறு கண்டுகொண்டது.

அதன்பின் அறுபது ஆண்டுகள் கழிந்து வந்த கிளிபோட், டொறிங்டனைப் போன்றவரல்லர். அவர் நாட்டறிவு மிக்கவர். ஆகவே, அவர் வரலாற்றில் எழும் வினாவும் வேறு: ஆளப்படும் மக்களை நன்கறிந்த ஒருவர், அவ்வறிவைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதே அது.

குடியும் பயிற்சியும்

கிளிபோட் குலம் தெவன் நாட்டுச் சட்லி என்னும் ஊரைச் சார்ந்த பிரபுக்கள் குலம். இரண்டாம் சாள்ஸ் மன்னரின் பொருளமைச்சராகவிருந்த தோமசு கிளிபோட்டுக்கு 1672இல் இப்பட்டம் வழங்கப்பட்டது. இங்கிலாந்து புரட்டஸ்தாந்த நாடான பின்னும் பழைய கத்தோலிக்க சமயத்தையே விடாது கைக்கொண்ட சிறுபான்மைக் குடிகளுள் இதுவும் ஒன்று. ஏழாம் பிரபுவின் மகனான மேஜர் ஜெனரல் சேர் ஹென்றி கிளிபோட், கிரைமியப் போரில் இங்கர்மன் களத்திற் காட்டிய வீரத்திற்காக விக்டோரியாச் சிலுவை பெற்றவர். அவருடைய மகனாக ஹியூ கிளிபோட் 1866இல் இலண்டனை அடுத்த றோகாம்டனிற் பிறந்தார்.

இளைய கிளையிற் பிறந்தமையின் குலப்பெருமை இருந்த அளவுக்குக் குலச்செல்வம் இவருக்கு இல்லை. அக்காலத்து வெளிநாட்டுத் தூதுச்சேவையில் ஓர் இளைஞன் சேர்வதாயின், ஆண்டுக்கு 400 பவுண் சொந்த வருமானம் உடையவனாயிருத்தல் வேண்டும் என்பது விதி. முதல் உலகப்போர் முடிந்த பின்னரே, 1919இல், இவ்விதி நீக்கப்பட்டது. பாரிஸ், வியன்னா முதலிய தலைநகரங்களிலுள்ள தூதரகங்கள் ஆகையாற் செல்வப் பிரபுக்களின் புதல்வர்க்கே உரியவையாயின. செல்வம் குறைந்த உயர்குடி இளைஞர்க்குப் படையும் குடியேற்றநாட்டுச் சேவையுமே திறந்திருந்த வாயில்கள். படைக்கல்லூரிக்குச் செல்லவேண்டியவராகவிருந்த கிளிபோட், 1883இல், தம் பதினேழாம் வயதில், மலாயாவுக்குச் சென்றார். அங்கே நீரிணைக் குடியேற்றங்களின் தேசாதிபதியாகவிருந்த சேர் பிரெடெரிக் வெல்ட் அவர்தம் உறவினர். பேராக் நாட்டில் ஆங்கில இரெசிடென்றாகவிருந்த சேர் ஹியூ லோவின்கீழ் அவர் பயிலுநராக அமர்ந்தார். போட்டிப் பரீட்சை எதுவும் எழுதாது உறவின் துணையாற் பெற்ற பதவி அது. ஆயினும் அவர் அதை வீணாக்கவில்லை. சில ஆண்டுகளுள் மலாய் மொழியை நாட்டார் பேசுமாறு பேசக் கற்றுக்கொண்டார்.

பகாங்குத் தூது

தூதர் என்னும் பெயர் கிளிபோட்டுக்கு முழுதும் பொருந்திய காலம் 1887ஆம் ஆண்டு. மலாயாத் தீபகற்பத்தின் கிழக்கிலுள்ள பகாங் அப்போது ஆங்கிலேயரின் பிடிக்குள் வராத நாடு. அதன் அரசரான அகமதுவிடம் ஓர் உடன்படிக்கையைப் பெற்று வருமாறு வெல்ட் தம் இளைய உறவினரை அனுப்பினார். இருபத்தொரு வயதும் நிறையாத கிளிபோட், சில மலாயரைத் துணையாகக் கொண்டு காட்டுவழியாகப் பயணஞ்செய்து பெக்கான் என்னும் அரசிருக்கையை அடைந்தார். படையோ கப்பலோ அவர்பின் வரவில்லை. மொழியறிவும் பொறுமையும் நயவுரையுமே அவர் கொண்டுசென்ற படைக்கலங்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அகமது உடன்படிக்கைக்கு இசைந்தார். அதன்படி அவர் சுல்தான் என ஏற்றுக்கொள்ளப்பட்டார்; ஆங்கில ஏசண்டு ஒருவர் அவருடைய நாட்டில் வதியவும் இடமளிக்கப்பட்டது. கிளிபோட்டே முதல் ஏசண்டானார்.

ஆனால் இத்தூதின் விளைவு தூதோடு நிற்கவில்லை. 1888இல் ஆங்கிலக் குடியுரிமை கோரிய சீனர் ஒருவர் சுல்தானின் மாளிகைக்கு அண்மையிற் குத்திக்கொல்லப்பட்டார். அதனைக் காரணமாகக் காட்டி அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் அந்நாட்டுக்கு இரெசிடென்றை நியமித்து ஆட்சியைத் தம் கைக்குட் கொணர்ந்தனர். இறையும் ஊழியமும் கொள்ளும் உரிமையை இழந்த தலைவர்கள் 1891இற் கிளர்ந்தெழுந்தனர். போர் 1895 வரை நீடித்தது. நட்புப் பேசி உட்புகுந்த தூதரே, தாம் நன்கறிந்திருந்த தலைவர்களைக் காடுதோறும் தேடிச்செல்லும் படைக்கு வழிகாட்டியாகவும் நேர்ந்தது. தூதின் இயல்பிலேயே அமைந்த முரண்பாடு இது. வலியதோர் அரசு மெலியதோர் அரசுக்கு விடுக்கும் தூது, எத்துணை இனிய சொற்களாற் பேசப்படினும், ஈற்றில் வலிமையின் முன்னோடியாகவே முடிகின்றது.

எழுத்தாளரின் ஐயம்

கிளிபோட் இம்முரண்பாட்டை உணராதவரல்லர். அவருடைய நூல்களே இதற்குச் சான்று. 1897 முதல் அவர் மலாயரைப்பற்றிய கதைகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து வெளியிட்டார். பிராங்கு சுவெற்றன்ஹாமுடன் சேர்ந்து மலாய் அகராதி ஒன்றையும் தொகுக்கத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. யோசப்பு கொன்ராட் தம் கதைகளில் மலாயரைச் சரிவரச் சித்திரிக்கவில்லை என்று கிளிபோட் எழுதிய கண்டனமே பின்னர் அவ்விருவருக்குமிடையே நெடுங்கால நட்பாக மலர்ந்தது. கொன்ராட் தம் நாவல் ஒன்றை அவருக்கு உரிமையாக்கினார்.

அவருடைய நூல்களுள் ஈண்டு ஆராய்தற்குரியன 1904இல் வெளியான 'சாலி'யும், 1908இல், அவர் இலங்கையில் இருந்தபோது, வெளியான அதன் தொடர்ச்சியான 'சாலே'யும் ஆம். மலாய் அரசிளங்குமரன் ஒருவன் இங்கிலாந்தில் ஆங்கிலக் கல்வி பெற்றுத் தன்னாடு மீள்கின்றான். ஆங்கிலேயர் அவனைத் தம்மவனாக ஏற்கவில்லை. தன் மக்களோடும் அவனால் ஒன்ற முடியவில்லை. பயனற்ற கிளர்ச்சியில் ஈடுபட்டு அவன் அழிகின்றான். இருகரைக்கும் ஆகாத இவ்விளைஞனுக்காகக் கிளிபோட் உண்மையாகவே இரங்குகின்றார்; அவனை அந்நிலைக்கு ஆளாக்கிய ஆங்கிலரையும் குறைகூறுகின்றார். ஆயினும் அவர் காணும் முடிவு ஒன்றே: கீழைநாட்டாருக்கு மேலைக்கல்வி கேடுபயக்கும் என்பதே அது. கற்ற இளைஞன் தன் மக்களிடம் மீண்டுவந்து அவர்களுக்கு வழிகாட்டியாதல் கூடும் என்னும் எண்ணம் அக்கதையில் இடம்பெறவில்லை.

அன்னியக் கல்வியாற் சொந்தப் பண்பாடு சிதைகின்றது என்ற கவலை அக்காலத்து இலங்கையிலும் எழுந்ததே. ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவியது அக்கவலையினாலேயே. ஆனால் இருவர் கண்ட மருந்தும் ஒன்றன்று. குமாரசுவாமி நாட்டார்க்கு உரிய கல்வியை நாட்டாரே அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்றார். கிளிபோட்டோ நாட்டார் பழைய தலைவர்களின்கீழ்ப் பழையபடியே வாழ்தல் நன்று என்று எண்ணினார். ஒரே நோயைக் கண்ட இருவருள் ஒருவர் நோயாளியிடத்து நம்பிக்கை வைத்தார். மற்றவர் வைத்தியரிடத்து வைத்தார்.

எட்வேட்டு காலத்து இலங்கை

கிளிபோட் 1900இல் வட போர்னியோவின் தேசாதிபதியாகிச் சில மாதங்களுக்குள் அந்நாட்டை ஆண்ட கம்பெனியின் இயக்குநரோடு ஒத்துப்போகாது விலகினார். மீண்டும் பகாங்கில் இரெசிடென்றானார். 1903இல் மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டுக்குக் காரியதரிசியாகச் சென்றார். அத்தீவின் மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரும் அவர்தம் வழியினருமாவர். 1907இன் தொடக்கத்தில் அவர் மனைவி அங்கே விபத்தொன்றில் இறந்தார். அவ்வாண்டிலேயே அவர் இலங்கையின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாக நியமனம் பெற்றார். வந்த சில திங்களுள், சேர் ஹென்றி பிளேக் சென்று சேர் ஹென்றி மக்கலம் வருமுன், பதில் தேசாதிபதியாகவும் கடமையாற்றினார். 1909இல் அவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது.

குடியேற்றநாட்டுக் காரியதரிசி என்பார் தேசாதிபதிக்கு அடுத்த நிலையினர். நாட்டின் நிருவாகம் முழுவதும் அவருடைய கந்தோரைச் சார்ந்தே நடந்தது. மாத்தளை அக்காலத்தில் மத்திய மாகாணத்துள் அடங்கிய ஓர் உதவி அரசாங்க அதிபர் பிரிவு. கிராமத்து ஆராய்ச்சி கோறளையிடம் முறையிட, கோறளை இரத்தேமாத்தியாவிடம் உரைக்க, அவர் உதவி அதிபருக்கு அறிவிக்க, மாத்தளை அதிபர் கண்டி அதிபருக்கு எழுத, கண்டி அதிபர் கொழும்புக் காரியதரிசிக்கு எழுதுவார். உதவி அதிபர்கள் நாள்தோறும் தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புதலும் வழக்கம். காட்டுக்கிராமத்தின் பஞ்சமும் நோயும் குளக்கட்டும் இவ்வாறே ஏறியேறிக் கிளிபோட்டின் மேசையை அடைந்தன.

இச்சேவையிற் புகும் முறை அப்போது மாறியிருந்தது. 1896 முதல் இந்திய சிவில் சேவைக்கும் கீழைநாட்டுக் குடியேற்றச் சேவைகளுக்கும் ஒரே போட்டிப் பரீட்சை நடைபெற்றது. அதன்வழி 1904இல் இலங்கைக்கு வந்தவர் லெனாட் உல்வ் என்னும் யூத இளைஞர். கண்டியில் அவருடைய திறமையைக் கண்ட கிளிபோட்டின் ஆதரவினால், 1908இல் அவர் அம்பாந்தோட்டையின் உதவி அதிபரானார். உல்வ் 1911இல் விடுப்பிற் சென்று, மறு ஆண்டு பதவி துறந்து, பேரரசு முறையையே எதிர்த்து எழுதலானார். ஒரே கந்தோரிற் பணிபுரிந்து, ஒரே கிராமங்களைக் கண்டு, ஒரே வகை அறிவைப் பெற்ற இருவர் எதிரெதிர் முடிவுகளை அடைந்தனர். எனவே, அறிவு மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பது பெறப்படும்.

கணக்கில் வராத மக்கள்

கிளிபோட் கண்ட சமுதாயத்தில் மூன்று வகுப்பினர் இருந்தனர்: தலைவர், கிராமத்துக் குடியானவர், ஆங்கிலம் கற்ற நகரத்தார். முதல் இரு வகுப்பினரிடத்தும் அவருக்கு அன்பு இருந்தது. மூன்றாம் வகுப்பினரிடத்து ஐயம் இருந்தது. ஆனால் மாத்தளையில் இம்மூன்றினுள்ளும் அடங்காத நான்காம் வகுப்பு ஒன்று பெருகிக்கொண்டிருந்தது. அவரே தோட்டத் தொழிலாளர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே வடபாதை வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகிய ஊர்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிற் கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டார் பலர். நடந்து வந்தார்க்கு மலைநாட்டின் வாயிலாகவிருந்த ஊர் மாத்தளை. 1880இற் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும், பின்னர் இறப்பரும் மாத்தளைக் குன்றுகளை மூடின. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 சிலிங்குக்கு மேல் விலைபோயிற்று. காடழித்து இறப்பர் நடாத துரைமார் அரியர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் சற்றொப்ப 41 இலட்சமாகவிருந்த இலங்கையின் சனத்தொகையில், இந்தியத் தமிழர் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். அவர்கள் தனியினமாகக் கணிக்கப்பட்டது அம்மதிப்பிலேயே.

எண்ணப்பட்டனர் எனினும் அவர் கருதப்பட்டாரல்லர். கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணித்தது. 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதிய கடனை மற்றொரு தோட்டத்தார் தீர்த்தாலன்றி ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லமுடியாது. இதனை ஆராய 1908இல் ஆணைக்குழு ஒன்று அமர்ந்தது; 1909இற் சட்டமும் திருத்தப்பட்டது. ஆயினும் துண்டுமுறை முற்றாக ஒழிந்தது 1921இலேதான். மலாயரின் குடிசைதோறும் சென்று கதை கேட்ட கிளிபோட், மலாயாவிலும் திரினிடாட்டிலும் இலங்கையிலும் தாம் சென்ற இடந்தோறும் இந்தியத் தொழிலாளரைக் கண்டவர். அவரைப் புகழாளராக்கிய நூல்களிலோ மலாயரே முன்னிற்கின்றனர். பழங்குடித் தலைமையும் பரம்பரை நிலமும் உடைய மக்களே உயர்குடிப் பிறந்தாரின் கண்ணுக்கு 'மக்கள்' எனத் தோன்றினர் போலும்.

1911ஆம் ஆண்டுத் தேர்தல்

கிளிபோட் காரியதரிசியாகவிருந்த காலத்திலேயே இலங்கையின் அரசியலில் முதன்முதலாகத் தேர்தல் என்னும் கொள்கை புகுந்தது. கற்றோர் அனுப்பிய விண்ணப்பங்களின் பயனாக, குறூ பிரபுவும் மக்கலமும் வகுத்த சீர்திருத்தம் 1910இல் அறிவிக்கப்பட்டது. அதன்படி அமைந்த சட்டநிரூபண சபையின் 21 அங்கத்தவருள் 11 பேர் உத்தியோகத்தர். உத்தியோகப்பற்றற்ற 10 பேருள் நால்வரே தேர்தலால் வருவோர். அந்நால்வருள்ளும் இருவர் ஐரோப்பியரின் பிரதிநிதிகள், ஒருவர் பறங்கியரின் பிரதிநிதி. எஞ்சிய ஓர் இடமே 'கற்ற இலங்கையர்'க்கு. நாற்பது இலட்சம் மக்களுள் ஏறத்தாழ மூவாயிரம் பேரே அவ்விடத்துக்கு வாக்குரிமை பெற்றனர்.

1911 டிசம்பரில் நடந்த அத்தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன், வைத்திய கலாநிதி மார்க்கஸ் பெர்னாந்துவை வென்றார். சிங்களரும் தமிழரும் சேர்ந்து வாக்களித்து, சைவத் தமிழர் ஒருவரை நாடு முழுவதற்கும் பிரதிநிதியாக அனுப்பிய நிகழ்ச்சி அது. ஆங்கிலத்தில் வல்லவரும் பகவற்கீதைக்கு உரைகண்டவருமாகிய இராமநாதன், 'சாலே' கதைக்கு நேர்மறுப்பாக நின்றார். கற்றதனால் அவர் தம் மக்களுக்கு அன்னியராகவில்லை.

ஆபிரிக்காவில்

1912இற் கிளிபோட் பொற்கரை நாட்டின் தேசாதிபதியானார். 1919இல் நைஜீரியாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருடைய குணமும் குறையும் ஒருங்கே விளங்கின. பெருந்தனவந்தரான லீவர் பிரபு, நைஜீரியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் அமைக்க நிலங்கேட்டபோது, குடியானவர் நிலத்தைத் தோட்டக்காரருக்குக் கொடுக்க இயலாது என உறுதியாக மறுத்தார். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிக்குரிய நிலம் என்று பெயரிட்டுக் கிராமத்தாரின் சேனைக்காடுகளைத் தோட்டங்களாக்கிய மாத்தளையைக் கண்டவர், அவ்வாறு மறுத்தமை போற்றத்தக்கது. ஆனால், 1920இல் மேற்காபிரிக்கக் கற்றோர் காங்கிரசு கூட்டிப் பிரதிநிதித்துவம் கேட்டபோது, அவர்கள் யாருக்கும் பிரதிநிதிகளல்லர் என்று சபை நடுவே எள்ளி நகையாடினார். நகையாடிய அவரே 1922இல் வகுத்த அரசியலமைப்பில் லாகோசுக்கு மூன்றும் கலபாருக்கு ஒன்றுமாக நான்கு தேர்தல் இடங்களை வழங்கினார். கொடையிருந்தது, கொடைபெறுவோரிடத்து மதிப்பு இருக்கவில்லை.

தேசாதிபதியும் டொனமூரும்

1925 நவம்பரிற் கிளிபோட் தேசாதிபதியாக இலங்கைக்கு மீண்டார். அவர் விட்டுச்சென்ற இலங்கையன்று அது. 1924ஆம் ஆண்டு மனிங் அரசியலமைப்பின்கீழ்ச் சட்டநிரூபண சபையின் 49 அங்கத்தவருள் 37 பேர் உத்தியோகப்பற்றற்றோர். உத்தியோகத்தர் 12 பேரே. பணத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் முன்னவர் கையில். நாட்டை நடத்தும் பொறுப்போ பின்னவர் தலையில். ஒருசாராருக்குப் பொறுப்பில்லாத அதிகாரம். மறுசாராருக்கு அதிகாரமில்லாத பொறுப்பு. 1926 நவம்பரில் இலண்டனுக்கு எழுதிய இரகசிய நிருபத்திற் கிளிபோட் இக்கேட்டை விரிவாக எடுத்துக்காட்டி, அரசியலமைப்பை நேரில் ஆராய ஆணைக்குழு வேண்டுமெனக் கேட்டார். அதன் பயனாக 1927இல் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. அது கொழும்பில் இறங்கியது அவ்வாண்டு நவம்பரில். அதற்குள், யூன் மாதத்திலேயே, கிளிபோட் தாம் தொடங்கிய மலாயாவுக்கே தேசாதிபதியாகச் சென்றுவிட்டார்.

1928இல் வெளியான டொனமூர் அறிக்கை பரிந்துரைத்தது யாவரும் எதிர்பாராத ஒன்று: இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை. 1924இல் மக்களுள் நூற்றுக்கு நால்வரளவில் இருந்த உரிமை, 1931இற் கூலிக்காரருக்கும் குடியானவருக்கும் பெண்களுக்கும் உரியதாயிற்று. ஆங்கிலப் பேரரசின் ஆசிய நாடுகளுள் இவ்வுரிமையை முதலிற் பெற்றது இலங்கையே. ஆட்சியின் தளர்ச்சியைத் திருத்தவே கிளிபோட் நிருபம் எழுதினார்; அவ்வெழுத்துத் திறந்த வாயில் வழியே மக்களாட்சி உட்புகுந்தது.

அக்காலத்தில் வேறொரு தூதும் மலைநாட்டுக்கு வந்திருந்தது. இந்திய அரசாங்கம் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, தொழிலாளர் நலன் பேணும் ஏசண்டு ஒருவரை 1923 முதற் கண்டியில் அமர்த்தியது. நாற்பதாண்டுகட்கு முன் கிளிபோட் பெக்கானில் வகித்த பதவிக்கும் இதற்கும் பெயர் ஒன்றே, நோக்கம் வேறு. அவர் பேரரசின் பொருட்டு ஓர் அரசனிடம் சென்றார். இவர் லயக்காம்பிராவில் வாழ்ந்த கூலியாளின் பொருட்டு அரசிடம் வந்தார். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும், கோ. நடேசய்யர் போன்றோர் சட்டநிரூபண சபையில் எழுப்பிய குரலும் சேர்ந்து, 1927ஆம் ஆண்டு 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைப் பிறப்பித்தன. அதன்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாயின.

விளைவு

1931ஆம் ஆண்டு வாக்குரிமை தோட்டத் தமிழருக்கு முழுதாகக் கிடைத்ததன்று. நிலையாகக் குடியிருப்பவரென நாட்டப்பட்டவர்க்கே அது உரியதென நிபந்தனை விதிக்கப்பட்டது. அவ்வளவில் அமைந்த உரிமையாலும், தோட்டக் குடும்பத்திற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற பெரி. சுந்தரம் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று தொழில் மந்திரியானார். கற்றவன் தன் மக்களிடம் மீளான் என்ற கதைக்கு மலைநாடு அளித்த மறுமொழி அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. மீண்டும் எஞ்சியோர் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியதாயிற்று. மக்களை அறிந்தும் அவர்மேல் நம்பிக்கை வையாமை அன்னிய ஆட்சியாளருக்கு மட்டும் உரிய குறையன்று என்பதற்கு இவ்வரலாறு சான்று.

கிளிபோட்டின் இறுதியும் எண்ணத்தக்கது. உடலும் உள்ளமும் நலிந்தமையால் 1929இல் மலாயாவை விட்டு நீங்கிய அவர், பின்னர் எப்பதவியும் வகிக்கவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். 10ஆம் நாள், அவர் இளமையிற் தூதுசென்ற பகாங்கின் கடற்கரைக்கு அப்பால், ஆங்கிலரின் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 18ஆம் நாள் கிளிபோட் பிறந்த ஊரிலேயே காலமானார். நூறாண்டு காக்கும் எனக் கருதி அவர் தலைமுறையார் கட்டிய ஆட்சி, காக்கப்பட்ட மக்களைக் காக்கமாட்டாது சில வாரங்களிற் சரிந்தது.

டொறிங்டன் மாத்தளையை அறியாமல் ஆண்டார். அவ்வறியாமையின் விலையை மக்கள் உயிராற் கொடுத்தனர். கிளிபோட் கீழைநாடுகளை அறிந்து ஆண்டார். அன்பும் உயர்குடியும் வேந்தர் விரும்பும் பண்பும் அவரிடத்து இருந்தன. ஆயினும், தாம் அறிந்த மக்கள் தம்மைத் தாமே ஆளவல்லர் என அவர் தெளிந்தாரல்லர். தெரிதல் அறிவின் தொழில். தெளிதல் அறத்தின் தொழில். நாளை அதிபர்களாகவும் ஆசிரியர்களாகவும் வரவிருக்கும் மாணவர்க்கு இவ்விரண்டனுள் முன்னதைக் கல்லூரி கற்பிக்கும். பின்னதை, வாக்குச்சீட்டுக்காகவும் நாட்சம்பளத்துக்காகவும் காத்திருந்த மாத்தளைத் தோட்டத்து மக்களின் வரலாறு கற்பிக்கும்.